வெளியில் வைத்த சந்தனம்

துவக்குக் கொம்பனியிலிருந்து வந்தவன் உளுந்து வடையை இரண்டாகப் பிய்த்து, உள்ளே எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டான். போட்ட பிறகு அவன் நிறுத்தவில்லை. வடைத் தட்டுக்கும் வெடித்த கைத்துவக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அரியரத்தினம் பழைய துவாய் ஒன்றை மேசையில் விரித்து, துண்டுகளை அதன்மேல் பரப்பி வைத்திருந்தார். வாழைப்பழத் தோல் போலப் பிளந்த குழல். நெளிந்த மேலிரும்பு. பிடியிலிருந்து தெறித்த கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள். சில்லு ஒன்றில் அவருடைய இரத்தம் இன்னும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

அவருடைய மனைவி பூரணி குசினி வாசலில் நின்று பார்த்தாள். அந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிசன் வடை தின்னுறானே, இவனுக்கு வயிற்றைப் பிரட்டாதோ என்று நினைத்தாள்.

"இந்த மஞ்சள் நிறம் என்ன, மெசியே?" கொம்பனிக்காரன் பேனா முனையால் தொட்டுக் காட்டினான். மேலிரும்பைப் பிடித்து இழுப்பதற்காக வெட்டியிருந்த வரிகளுக்குள் மெல்லிய மஞ்சள் பொருக்கு இருந்தது.

அரியரத்தினம் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் போல முந்திக்கொண்டார். லா சப்பல் கடைத்தெருவில் நகைக்கடை நடத்திப் பழகிய பிரெஞ்சு அவருடையது. வளைந்து நெளிந்தாலும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

"சந்தனம். எங்கள் சமயத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஆயுதங்களுக்குப் பூசை செய்வோம். என் மனைவிதான் வைத்தவள்."

"பசை போன்றதா?"

"பசைதான். காய்ந்தால் கல்."

கொம்பனிக்காரன் எழுதினான். எழுதும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இவ்வளவு நேரமும் அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம். முதலில், வீட்டில் மருந்து திருப்பி அடைத்த ரவைகளைப் போட்டுச் சுட்டிருக்கிறீர்கள் என்று கொம்பனி சொன்னது. அரியரத்தினம் தான் சுடப் பழகுகிற கிளப்பில் வாங்கிய ரவைப் பெட்டியையே அனுப்பினார். பிறகு, துடைக்காமல் துருப்பிடிக்க விட்டிருக்கிறீர்கள் என்று சொன்னது. கிளப்புத் தலைவர் அப்படி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இப்போது சந்தனம் அகப்பட்டிருக்கிறது.

"இஞ்சாருங்கோ, என்ன சொல்லுறியள் அவனுக்கு?" என்றாள் பூரணி.

"நீர் பேசாமல் இரும். நான் கதைக்கிறன்."

"கல்லாகுமெண்டு ஏன் சொன்னனீங்கள்? ஒவ்வொரு வெள்ளியும் நெத்தியிலை வைக்கிறியளே, அது கல்லாகியே கிடக்குது?"

"வீட்டுக்கு வந்த ஆளுக்கு முன்னாலை கத்தாதையும்."

"நான் கத்தேல்லை. அவனுக்கு வடை காணுமோ எண்டு கேளுங்கோ."

கொம்பனிக்காரன் தன்னைப் புகழ்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, வாய் நிறைய வடையோடு சிரித்தான்.

அந்தத் துவக்கு இந்த வீட்டுக்கு வந்ததே ஒரு கள்ளனால்தான். கடைக்குள் முகமூடிக்காரர் புகுந்து, கண்ணாடியை உடைத்து, தாலிக்கொடித் தட்டோடு போன நாளில் அரியரத்தினம் நிலத்தில் குப்புறக் கிடந்தார். ஒருவன் அவருடைய முதுகில் சப்பாத்தை வைத்து மிதித்துக்கொண்டு நின்றான். நகைக்குக் காப்புறுதி இருந்தது. முதுகுக்கு இருக்கவில்லை. அதன் பிறகு அவர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. யாரோ சொல்லி ஒரு குறிசுடும் கிளப்பில் சேர்ந்தார். மாதக்கணக்காகக் கிளப்புத் துவக்கில் பழகினார். டொக்டரிடம் உடம்பு சுகமென்று துண்டு எடுத்து, பிரிபெக்தூர் என்கிற அரசாங்கக் கந்தோரில் அனுமதி எடுத்து, கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்கினார். அதைக் கடைக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது. ஓல்னேயில் இருக்கிற வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்து, கிளப்புக்கு மட்டும் கொண்டுபோகலாம்.

"அப்ப கள்ளன் கிளப்புக்கு வந்தால்தான் சுடுவியளோ?" என்று பூரணி கேட்டாள்.

"உமக்கு விளங்காது."

அவளுக்கு விளங்கியது. ஞாயிறு தோறும் கடதாசியைச் சுட்டுவிட்டு வந்து மனிசன் குறட்டைவிட்டு நித்திரை கொண்டார். அதற்காகப் பொறுத்துக்கொண்டாள். மரக்கறி வெட்டுகிற மேசையில் பேப்பர் விரித்து அவர் துவக்கைக் கழற்றித் துடைப்பதையும், வெங்காய வாசனைக்குள் அந்த எண்ணெய் நாற்றம் கலப்பதையும், சீலைத்துண்டு சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பதையும் பொறுத்துக்கொண்டாள்.

நவராத்திரி முடிவில் ஆயுத பூசை வந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் நகைத் தராசு, இடுக்கி, பூரணியின் தையல் மெசின், மகள் நிரோஜினியின் கொம்பியூட்டர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தன. அரியரத்தினம் துவக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"இதுக்கும் வைக்க வேணுமோ?"

"ஆயுத பூசை எண்டு சொல்லிப்போட்டுத் தையல் மெசினுக்குப் பொட்டு வைக்கிறீர். இந்த வீட்டிலை உண்மையான ஆயுதம் இது ஒண்டுதானே."

அவள் விரல் நுனியில் கொஞ்சம் சந்தனம் எடுத்து மேலிரும்பில் ஒற்றினாள். அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். குழலின் வாய்ப் பக்கம் அவளுடைய விரல் போகவேயில்லை. அந்த ஓட்டையை அவள் நேரே பார்க்கவும் மாட்டாள். அடுத்த ஞாயிறே அவர் பொட்டை அழித்து, குழலைத் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்து, கிளப்புக்குக் கொண்டுபோனார். அதற்கடுத்த ஞாயிறும் கொண்டுபோனார். இலை கொட்டி, குளிர் வந்து, நத்தாரும் முடிந்து, பொங்கலும் பொங்கியாயிற்று. அவ்வளவு நாளும் துவக்கு சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

மாசிமாதத்தில் ஒரு ஞாயிறு அது அவருடைய கையிலேயே வெடித்தது. பக்கத்து இடத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஜெர்மேன் என்ற பிரெஞ்சு மனிசி தன் கழுத்துச் சால்வையை உருவி அவருடைய கையைச் சுற்றிக் கட்டினாள். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். அம்புலன்சிலும் கூடவே போனாள். பெருவிரலின் அடி கிழிந்து, நரம்பு அறுந்து, இரண்டு தரம் வெட்டித் தைத்தார்கள். தாலிக்கொடியின் வளையங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் கோத்த கை அது. இப்போது அந்தப் பெருவிரல் சொல்வழி கேட்காது.

கொம்பனிக்காரன் வாயைத் துடைத்துக்கொண்டு கடதாசியை எடுத்தான். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு நின்ற நிரோஜினி வாசித்து, பிரெஞ்சிலிருந்து தாய்க்குச் சொன்னாள். மகளுடைய தமிழ் இப்படியான நேரங்களில் நொண்டும்.

"மமோ, இதிலை என்னெண்டால், நீங்கள்தான் பூசினது எண்டு. அந்த... காயிற சாமானை. குழலுக்கு உள்ளுக்கும், சுத்திவரவும்."

"உள்ளுக்கோ?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"நான் உள்ளுக்கு வைக்கேல்லை."

"நீங்கள் கையெழுத்து வைச்சால் அப்பாவுக்குப் புதுசு ஒண்டு தருவினமாம். இதைவிட நல்ல மொடல். உடைஞ்சதை அவை கொண்டு போவினம். பேந்து இதைப்பற்றி ஒருதரோடையும் கதைக்கக்கூடாதாம். செ து, அவ்வளவுதான்."

"அவரின்ரை கைக்கு என்ன தருவினமாம்?"

நிரோஜினி கேட்டாள். கொம்பனிக்காரன் தோளைக் குலுக்கி, மிகவும் மனம் வருந்துகிறோம் என்றான். வருந்திய கையோடு, மிச்ச வடையை ஒரு பெட்டியில் போட்டுத் தரமுடியுமா, என் மனைவிக்கும் விருப்பமாக இருக்கும் என்றும் கேட்டான்.

"போட்டுக் குடும்," என்றார் அரியரத்தினம்.

பூரணி போட்டுக் கொடுத்தாள். கையெழுத்துக்கு மட்டும், "நாளைக்குப் பாப்பம்" என்றாள். அவன் கடதாசியை மேசையில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனான்.

மறுநாள் அவள் லா சப்பல் கடைக்குப் போனபோது, கதை அவளுக்கு முன்னமே மெத்ரோ பிடித்து வந்து இறங்கியிருந்தது. பக்கத்துச் சீலைக்கடை மரியகொறற்றி வாசலிலேயே மறித்தாள்.

"என்னக்கா, உங்கடை சந்தனத்துக்குத் துவக்கையே வெடிக்கப் பண்ணுற சக்தியாமே? எந்தக் கடையிலை வாங்கினனீங்கள்?"

"ஆர் சொன்னது?"

"அண்ணைதான் தேத்தண்ணிக்கடையிலை சொல்லிக்கொண்டு நிண்டவர். எனக்கும் கொஞ்சம் தாங்கோவன். என்ரை மனுசன்ரை ரெலிபோனுக்குள்ளை பூசி விடுவம்."

அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பூரணியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு கதை வரும். ஊரார் சிரித்தது பெரிதில்லை. அந்தச் சிரிப்பைத் தன் வீட்டு மனிசன்தான் தட்டில் வைத்து ஊருக்குப் பரிமாறியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஊரெல்லாம் என்ரை சந்தனமாம் எண்டு சொல்லித் திரியிறியள்."

"சும்மா பகிடிக்குச் சொன்னது."

"பகிடியோ? பூசைக்குப் பிறகு நீங்கள் சுடேல்லையோ? பொங்கலுக்கு முதல்நாளும் போனியள். குழலைத் துடைச்சுப்போட்டு ஒற்றைக் கண்ணாலை உள்ளுக்குப் பார்த்தனீங்கள். அப்ப உள்ளுக்கை சந்தனம் இருந்ததோ?"

"இல்லை."

"இல்லையெண்டு தெரியும்."

"தெரியுமப்பா! தெரிஞ்சு என்ன செய்யிறது? அவங்கள் பெரிய கொம்பனி. நாங்கள் வழக்குப் போட்டால் எங்கடை பேரப்பிள்ளையளின்ரை காலத்திலைதான் முடியும். சந்தனமெண்டு சொன்னால் ஆருக்கு நட்டம்? சந்தனம் வந்து வழக்குப் போடுமே?"

"எனக்கு நட்டமில்லையோ?"

"உமக்கு என்ன நட்டம்?"

"என்ரை மனுசன்ரை கையை நான் உடைச்சனெண்டு நானே எழுதிக் குடுக்கிறது நட்டமில்லையோ? நாளைக்கு நிரோஜினிக்குப் பிள்ளை பிறந்து, தாத்தான்ரை விரலுக்கு என்ன நடந்ததெண்டு கேட்டால், அம்மம்மாதானெண்டு சொல்லுவியளோ?"

"நீ பெரிசாக்கிறாய்." கோபம் வந்தால் அவருடைய வாயில் நீர் என்பது நீ ஆகிவிடும். "ஒரு கையெழுத்து. புதுத் துவக்கு வந்திடும். எனக்கு அது வேணும், விளங்குதோ? அது இல்லாமல் எனக்கு நித்திரை வராது."

"எந்தக் கையாலை சுடப்போறியள்?"

அவர் கட்டுப்போட்ட கையை மடிக்குள் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தார். தொலைக்காட்சி போட்டிருக்கவில்லை.

மகளும் தாயைத்தான் குறை சொன்னாள். "மமோ, அப்பா பாவம். சைன் பண்ணிவிடுங்கோ, செ ரியான், ஒண்டுமில்லை அது." அவளுக்குக் கோவம் இல்லை, களைப்புத்தான். மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே களைத்த பிள்ளை.

பூரணிக்கு ஜெர்மேனின் ஞாபகம் வந்தது. அந்த மனிசியிடமும் அதே கொம்பனியின் அதே மொடல் துவக்குத்தான். அரியரத்தினமே முன்பு பெருமையாகச் சொன்னது: "ஜெர்மேன் வைச்சிருக்கிறதும் என்ரையும் ஒரே அச்சு." தான் சந்தனம் என்று கையெழுத்து வைத்தால் அந்த அச்சில் ஒரு பிழையும் இல்லை என்று ஆகிவிடும். வாற ஞாயிறு அவளுடைய கையும் போகலாம். தன் சால்வையைக் கழற்றிக் கட்டிய கை. வியாழக்கிழமை பூரணி ஜெர்மேன் இருக்கிற ஒபர்வில்லியேக்கு பஸ் எடுத்தாள்.

ஜெர்மேன் கதவைத் திறந்து கன்னத்துக்குக் கன்னம் வைத்தாள். கோப்பி ஊற்றினாள். பூரணி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், வெட்டி வெட்டிச் சொன்னாள்.

"நீங்கள் அந்தத் துவக்கால் சுடவேண்டாம். தயவுசெய்து. அது கெட்டது. என் சந்தனம் இல்லை. துவக்குத்தான் கெட்டது."

ஜெர்மேன் கரண்டியைக் கோப்பைக்குள் சுற்றினாள்.

"நான் இப்போது வைத்திருப்பது அது இல்லை, மதாம். இது மாற்றித் தந்தது."

"யார் மாற்றினார்கள்?"

"கொம்பனிதான். என்னுடையது கோடை காலத்தில் பிளந்தது. எனக்கு அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை, கன்னத்தில் ஒரு கீறல் மட்டும். நான் எண்ணெய் அதிகமாகப் போட்டேன் என்று எழுதினார்கள்."

"போட்டீர்களா?"

"எல்லாரும் போடுகிற அளவுதான்."

"பிறகு?"

"பிறகு கையெழுத்து வைத்தேன். புதியது தந்தார்கள், நல்ல மொடல். யாரிடமும் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. உங்களிடம்கூடச் சொல்லக்கூடாது, பாருங்கள்!" ஜெர்மேன் சிரித்தாள். பெரிய கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. கடையில் சில்லறை கூடத் தந்ததைச் சொல்லாமல் வந்தவள் சிரிக்கிற சிரிப்பு.

பூரணி கணக்குப் பார்த்தாள். கோடையில் ஜெர்மேனுடையது பிளந்திருக்கிறது. கோடைக்குப் பிறகு ஆயுத பூசை. அதற்குப் பிறகு மாசி. அந்த ஞாயிறு பக்கத்தில் நின்று சுடும்போது இவளுக்குத் தெரியும். அரியரத்தினம் துவக்கைத் தூக்கும்போது தெரியும். தெரிந்துகொண்டு நின்றவள்தான் சால்வையையும் கட்டினாள்.

"என் கணவரிடம் சொல்லியிருக்கலாமே?"

"கையெழுத்து வைத்திருந்தேனே, மதாம்."

கோப்பி வாயில் கசந்தது. பூரணி கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். கன்னம் வைக்க ஜெர்மேன் கிட்ட வந்தபோது, "தடிமன், உங்களுக்கும் தொற்றும்," என்று சொல்லி விலகினாள். படியில் இறங்கும்போது சால்வை நினைப்புக்கு வந்தது. அது பொய்யான சால்வை இல்லை. அந்தச் சால்வை இல்லாவிட்டால் இரத்தம் எவ்வளவோ போயிருக்கும் என்று டொக்டரே சொன்னார். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. முழுக்கக் கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

நேரே கடைக்குப் போனாள். இதைக் கேட்டால் மனிசனுக்கு இரத்தம் கொதிக்கும், கடதாசியைத் தானே கிழிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

கடைக்குள் வாடிக்கையாளர் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் அரியரத்தினம் நின்றார். முன்னால் வசந்தரூபி கையில் பேனாவோடு, கொம்பனிக் கடதாசியின்மேல் குனிந்து நின்றாள். கடையில் சாமான் எடுத்துக் காட்டுகிற பெட்டை. வன்னியில் யுத்தம் எல்லாம் முடிந்த பிறகு, முகாம், கொழும்பு, எங்கெங்கோ காடு என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தவள். அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி இரண்டாம் முறை போயிருக்கிறது. துவக்கு என்ற சொல் கேட்டாலே வேறு பக்கம் பார்க்கிறவள்.

"என்ன நடக்குது இஞ்சை?"

"ஒண்டுமில்லை. நீர் வைக்கமாட்டன் எண்டீர். கொம்பனிக்காரனுக்கு ரெலிபோன் எடுத்தனான். வீட்டிலை பூசைக்கு நிண்ட ஆர் கையெழுத்து வைச்சாலும் சரியாம், பேரை மாத்தலாமாம். ரூபி வைக்கிறனெண்டு சொல்லுறா."

"ரூபி பூசைக்கு நிண்டவளோ?"

"நிண்டாலென்ன நிக்காட்டிலென்ன? ஒரு பேர்தானே வேணும்."

பூரணி வசந்தரூபியைப் பார்த்தாள். "எடி பிள்ளை, நீ என்னத்திலை கையெழுத்து வைக்கிறாயெண்டு தெரியுமோ?"

"அண்ணை சொன்னவர், அக்கா. சந்தனம் வைச்சனெண்டு. சாமிக் காரியம்தானே எண்டு..." அவளுடைய குரல் தேய்ந்தது. "மாட்டனெண்டால் வேலை..."

"வேலை போகுமெண்டு சொன்னவரோ?"

"சொல்லேல்லை, அக்கா." சொல்லாததைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

"உன்ரை வழக்கு முடிஞ்சுதோ?"

"இல்லை. ஆனியிலை கூப்பிட்டு விசாரிக்க ரன்டெவு தந்திருக்கினம்."

"அங்கை இருக்கிறவன் உன்ரை பேரைக் கொம்பியூட்டரிலை தட்டிப் பார்க்கேக்கை, துவக்கும் கையுமா ஒரு கடதாசி வந்தால் என்ன சொல்லுவாய்? எங்கையிருந்து வந்தனி எண்டு கேட்பான். வன்னி எண்டு சொல்லுவாய். துவக்குக்கு என்ன செய்தனி எண்டு கேட்பான். சந்தனம் வைச்சனான், ஐயா, எண்டு சொல்லுவியோ?"

வசந்தரூபியின் கையிலிருந்து பேனா நழுவிக் கல்லாவின் கண்ணாடியில் விழுந்து உருண்டது.

"விசர்க்கதை கதையாதை!" என்றார் அரியரத்தினம். "கொம்பனிக் கடதாசி எங்கையப்பா அங்கை போகப்போகுது?"

"போகாதெண்டால் உங்கடை மகளின்ரை பேரைப் போடுங்கோவன்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"பார்த்தியளோ. மகளின்ரை பேர் எண்டவுடனை வாய் மூடுது. இந்தப் பெட்டைக்கு இஞ்சை தாயுமில்லை தகப்பனுமில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடமெண்டு சொல்லுவினம். நீங்கள் பழியைத் தட்டிலை ஏந்திக்கொண்டு ஆளாளுக்கு நீட்டுறியள். இஞ்சை கேளுங்கோ. ஜெர்மேனின்ரை துவக்கும் வெடிச்சது. போன கோடையிலை. உங்களுக்கு முதல். அவவுக்கு எண்ணெயாம், உங்களுக்குச் சந்தனமாம். அவவும் கையெழுத்து வைச்சுப்போட்டு வாயை மூடிக்கொண்டு உங்களுக்குப் பக்கத்திலை நிண்டு சுட்டவ."

அரியரத்தினம் அசையாமல் நின்றார். அவருடைய கண்கள் கட்டுப்போட்ட கைக்குப் போயின. இப்போது கொதிப்பார் என்று பூரணி காத்திருந்தாள்.

"அப்ப அவவுக்குப் புதுசு குடுத்திட்டாங்கள்?" என்றார்.

"என்ன?"

"இல்லை, சொன்னபடி குடுத்திருக்கிறாங்களோ எண்டு கேட்டனான். ஏமாத்துவாங்களோ எண்டு எனக்கு ஒரு பயம் இருந்தது."

பூரணி அவருடைய முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிசன். கையைப் பிளந்தவனிடம் கோபம் இல்லை. தெரிந்தும் சொல்லாதவளிடம் கோபம் இல்லை. அவர்கள் வாக்குத் தவறாத ஆட்கள் என்று கேட்டதும் முகம் தெளிகிறது. குளியலறை வடிகாலில் கை விட்டு, வழுவழுவென்று எதையோ தொட்டது போல இருந்தது அவளுக்கு.

அவள் கடதாசியை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எங்கை கொண்டு போறாய்?"

"கொமிசாரியாவுக்கு. பொலிஸிட்டை."

"விசரோ உனக்கு?"

"ரூபி, நீ போய் மரியகொறற்றியின்ரை கடையிலை இரு. இவர் கூப்பிட்டாலும் வராதை. வேலைக்கு நான் பொறுப்பு. கடை என்ரை பேரிலையும் இருக்கு."

ஓல்னே கொமிசாரியாவில் முன்மேசையில் இருந்த பெடியன் முதலில் கொட்டாவி விட்டான். அந்த விபத்து முடிந்த விஷயம், கோப்பு மூடியாயிற்று என்றான். இன்னொரு துவக்கும் அதே மாதிரி வெடித்தது, அந்த மனிசியின் பெயர் இது, விலாசம் இது, இது நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிக் கையெழுத்துக் கேட்கிற கடதாசி என்று பூரணி ஒவ்வொன்றாக வைத்தபோது கொட்டாவி நின்றது. உள்ளே போய் ஒரு மூத்த பொலிஸ்காரியைக் கூட்டிவந்தான். அவள் வாசித்தாள். யாருக்கோ ரெலிபோன் எடுத்தாள்.

"உடைந்த துண்டுகள் எங்கே, மதாம்?"

"வீட்டில், இரும்புப் பெட்டிக்குள். நாளைக்குக் கொம்பனிக்காரன் வந்து கொண்டுபோய்விடுவான்."

"திறப்பு?"

"கணவரிடம்."

பின்னேரமே பொலிஸ்காரியும் இன்னொருவனும் வீட்டுக்கு வந்தார்கள். அரியரத்தினம் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பொலிஸைக் கண்டதும் கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போட்டார். இடது கையால் திறப்பைத் திருப்பிப் பெட்டியைத் திறந்தார். பொலிஸ்காரி கையுறை போட்டு, ஒவ்வொரு துண்டாகப் பையில் போட்டு ஒட்டினாள்.

"இந்தச் சந்தனத்தை வைத்தது யார்?"

"என் மனைவி."

"எங்கே வைத்தார்?"

அரியரத்தினம் பூரணியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. வேண்டுமானால் இப்போதும் சொல்லட்டும், சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிற பொலிஸுக்கு முன்னால் சொல்லட்டும் என்று நின்றாள்.

"வெளியில்," என்றார்.

"அதன் பிறகு நீங்கள் இதனால் சுட்டீர்களா?"

"ஓம்... ஆம்."

"பலமுறையா?"

"பலமுறை."

"குழலைச் சுத்தம் செய்தீர்களா? உள்ளே பார்த்தீர்களா?"

"ஒவ்வொரு முறையும்."

எழுதினார்கள். அவருடைய வாக்குமூலத்தை அவருக்கே வாசித்துக் காட்டினார்கள். இடது கையால், கோழி கீறியது போல ஒரு கையெழுத்து வைத்தார். துண்டுகள் நிபுணரிடம் போகும், நாட்கள் எடுக்கும், என்ன வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்று பொலிஸ்காரி சொன்னாள். அதுவரை வேறு துவக்கு எடுப்பதும் நல்லதில்லை என்றாள்.

கதவு சாத்தியதும் அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"முடிஞ்சுது. இனி ஒண்டும் தராங்கள்."

"ஓம். தராங்கள்."

"உனக்கு இப்ப சந்தோசமோ?"

"இல்லை."

"பேந்து என்னத்துக்குச் செய்தனி?"

"நாறின மீனைச் சட்டியிலை வைச்சு மூடினால் வீடு முழுக்க நாறும். வெளியிலை கொட்டினதுக்குச் சந்தோசப்படுறதோ? கையைக் கழுவுறதுதான்."

அவர் சாப்பாட்டு மேசையில் போய் இருந்தார். பூரணி சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டுவந்து வைத்தாள். தையல் போட்ட நாளிலிருந்து சோற்றைப் பிசைந்து, சின்னச் சின்னதாய் உருட்டித் தட்டின் ஓரத்தில் அடுக்கிக் கொடுத்தவள் அவள்தான். அவர் இடது கையால் எடுத்துப் போட்டுக்கொள்வார்.

இன்றைக்கு அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் எதிரில் இருந்து தன் தட்டில் பிசைந்தாள்.

"பூரணி."

"என்ன?"

"பிசைஞ்சு தாருமன்."

"கரண்டி லாச்சியிலை கிடக்குது," என்றாள்.

அவர் கதிரையைத் தள்ளி எழும்பி, எந்த லாச்சி என்று தெரியாமல் ஒவ்வொன்றாக இழுத்துத் திறக்கத் தொடங்கினார். பூரணி சாப்பிட்டாள்.